கோயிலும் குளமும் ஓடையும்

குடமுழுக்கு நடைபெறும் யாகசாலையில் வைத்து வழிபடப்பெறும் கும்பத்தை அன்பர்கள் அனைவரும் கண்டிருப்பர். அக்குடத்தின் உள்ளே நிறைந்திருப்பது நீர்; வாயில் செருகப்பெற்றிருப்பது மாவிலைக் கொத்து; அதன்மேல் வீற்றிருப்பது தேங்காய்; உடன் சாத்தப்பெற்றிருப்பது தருப்பைக் கூர்ச்சம். எல்லாம் வல்ல இறைவனை எழுந்தருளச் செய்யும் பெருஞ்சடங்கிற்கு நம் முன்னோர் முதற்கண் நாடியவை நீரும் இலையும் காயும் புல்லுமேயாம். குடம் பொன்னாலும் அமையலாம், மண்ணாலும் அமையலாம். நீரும் தழையும் இன்றேல் அது கும்பம் ஆகாது. ஒரு குடத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை ஓர் ஊருக்கும் பொருந்தும் என்பதே ஈண்டுச் சொல்லப் புகுந்த பொருள்.

சைவ நன்மக்கள் ஒரு தலத்தின் பெருமையை மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றானும் போற்றுவர். தலபுராணங்கள் இவற்றோடு தலமரத்தையும் சேர்த்தே பாடும். மூர்த்தி கருவறையுள் எழுந்தருளியிருப்பது. தலம் ஊர் முழுவதையும் தழுவுவது. தீர்த்தம் அவ்வூரின் நீர்நிலை. தலமரம் அந்நிலத்துக்கு உரிய மரம். ஆகவே, கோயில் என்றவளவில் நம் முன்னோர் மனத்தில் தோன்றியது மதிலுக்குள் அடங்கிய கட்டடம் மட்டும் அன்று. நீரும் மரமும் வீதியும் மக்களும் கூடிய ஒரு முழுமையே ஆகும்.

இந்நாளில் உலகெங்கணும் நகர அமைப்பு வல்லுநர் பசுமை நகரத்தைப் பற்றிப் பேசுகின்றனர். அதற்குத் தக்க காரணம் உண்டு. கல்லும் காரையும் தாரும் பகலில் வெயிலை உண்டு இரவில் உமிழ்கின்றன. ஆதலின் நகரத்து இரவு, அயலிலுள்ள நாட்டுப்புறத்து இரவினும் வெப்பம் மிக்கதாகின்றது. மண் மூடப்பட்டமையால் மழைநீர் நிலத்துட் புகாமல் தெருவில் ஓடி வெள்ளமாகின்றது. ஓடி மறைந்தபின் கிணறு வறள்கின்றது. மரங்கள் சில நட்டால் இக்குறை நீங்கும் என்று எண்ணுவார் பலர். கோயில் நகரங்களின் வரலாறோ வேறொரு பாடம் கூறுகின்றது. ஓர் ஊர் பசுமையுற்று நெடுங்காலம் நிற்றற்கு நான்கு வேண்டும்: நிலத்தில் பங்கு, நீருக்கு வழி, காப்பதற்கு ஆள், அவ்வாளுக்குப் பொருள். இந்நான்கும் எவ்வாறு அமைந்திருந்தன என்பதையும், அவை அற்ற இடத்து நேர்ந்தது யாது என்பதையும் முறையே காண்போம்.

நிலத்தில் பங்கு

திருவாரூரைப் பற்றி வழிவழியாக வழங்கும் உரை ஒன்று உண்டு. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பது அது. ஒரு வேலி ஏறக்குறைய 6⅔ ஏக்கர் ஆகும். எனவே, ஐந்து வேலி என்பது சற்றேறக்குறைய 33 ஏக்கர். தியாகேசப் பெருமான் எழுந்தருளியுள்ள பெருங்கோயிலுக்கு எவ்வளவு நிலமோ, அவ்வளவு நிலம் கமலாலயத் திருக்குளத்திற்கு. அவ்வளவே செங்கழுநீர் மலர்ந்த ஓடைக்கு. இவ்வுரையைக் கோயிலின் பெருமை கூறும் சொல்லாகவே நாம் கேட்டு வந்துள்ளோம். நகர அமைப்பின் கண்கொண்டு நோக்கின், இஃது ஓர் அளவுகோலும் ஆம். கட்டடத்திற்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மலருக்கும் பசுமைக்கும் ஒரு பங்கு என்று நிலம் வகுக்கப்பட்டது. நூறு ஏக்கர் பரப்பில் கட்டடம் கொண்டது மூன்றில் ஒரு கூறே.

கமலாலயம் கோயிலுக்கு மேற்கே உள்ளது. அதன் நடுவண் நாகநாதர் கோயில் தீவுபோல் விளங்குகின்றது. ஆனி, ஆடித் திங்கள்களில் வீசும் மேல்காற்று அப்பெரு நீர்ப்பரப்பைத் தடவிக்கொண்டு கோயிலை நோக்கி வரும். நீர் ஆவியாகும்போது சூழ உள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும் ஆதலின் அக்காற்றில் தண்மை உண்டாகும். அமைத்தோர் இதனைக் கருதியே அமைத்தனரா என்று நாம் வழக்காடுதல் வேண்டா. பயன் கண்கூடாக உள்ளது, அதுவே போதும்.

வீதிகளுக்கும் இவ்வாறே பங்கு வகுக்கப்பட்டது. மதுரையில் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று திங்களின் பெயர் தாங்கிய வீதிகள் ஒன்றனை ஒன்று சூழ்ந்து கோயிலைச் சுற்றி நிற்கின்றன. அவ்வத் திங்கள் விழாவின் பெயரே வீதிக்கும் பெயராயிற்று. தேர் ஓடும் வீதி அகன்றிருத்தல் வேண்டும். அகன்ற வீதியிற் காற்றும் ஒளியும் புகும். ஒருவர் தம் திண்ணையை ஒரு முழம் முன்னே இழுத்துக் கட்டினால், அடுத்த விழாவில் தேர் அவ்விடத்தில் நின்றுவிடும். ஊரே அவரைக் கேட்கும். ஆண்டுதோறும் நிகழும் தேரோட்டம் இறைவன் உலாவாக இருந்ததோடு, வீதியின் அகலத்தை அளந்து காக்கும் நில அளவையாகவும் இருந்தது என்க. அளவைக்கோல் வடமாகவும், அளப்போர் ஊர்மக்கள் அனைவருமாகவும் அமைந்த இவ்வளவையை வேறெங்குக் காண்போம்?

நீருக்கு வழி

குளத்திற்கு நிலம் விட்டால் மட்டும் குளத்தில் நீர் நில்லாது. நீர் வரும் வழியும் போகும் வழியும் வேண்டும். வரத்துக்கால், மதகு, கலங்கல், போக்குக்கால் என்னும் சொற்கள் நம் உழவர் நாவில் இன்றும் வழங்குவன. தொண்டை நாட்டில் ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்த நீர் அடுத்த ஏரியை நிரப்பும். அது நிரம்பி அதற்கடுத்த ஏரியை நிரப்பும். இவ்வாறு ஏரிகள் மாலையிற் கோத்த மணிகள்போல் ஒன்றனோடு ஒன்று தொடர்ந்திருந்தன. மாலையில் ஒரு மணி உடைந்தால் அவ்விடம் வெறுமையாகும். ஏரித் தொடரில் ஒரு கால்வாய் அடைபட்டாலோ, மேலூர் வெள்ளத்தில் ஆழும், கீழூர் வறட்சியில் வாடும்.

ஊர் நடுவில் உள்ள திருக்குளங்களின் பணியும் இத்தகையதே. மாட வீதிகளிற் பெய்த மழை தெருவின் சாய்வு வழியே ஓடி, குளத்தின் நீர்வாயில் புகுந்தது. குளத்தில் நின்ற நீர் பக்கங்களிற் கசிந்து நிலத்துள் ஊறியது. குளத்தில் நீர் நிற்கும் காலத்து நான்கு வீதிக் கிணறுகளிலும் நீர் நிற்கும் என்பதைக் குளக்கரையிற் குடியிருந்த மூத்தோர் அறிவர். வீட்டுப் பெண்டிர் முற்றத்துக் கிணற்றில் இறைத்த நீர், பெருமான் தெப்பத்தில் உலா வந்த நீரின் ஊற்றேயாம்.

கும்பகோணத்து மகாமகக் குளம் இதற்குத் தனிச்சிறப்பு வாய்ந்த சான்று. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடைப்பட்ட அவ்வூரில் 6 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடையது அக்குளம். நாயக்கர் காலத்தில் கோவிந்த தீட்சிதர் அதன் கரைகளில் 16 மண்டபங்களை எடுப்பித்தார். குளத்தின் தரையில் தீர்த்தங்கள் எனப் போற்றப்படும் 20 கிணறுகள் உள்ளன. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மகாமகம் வரும். 1992, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் அது நிகழ்ந்தது. அடுத்து 2028-இல் வரும். பெருந்திரளான மக்கள் நீராட வேண்டியிருத்தலின், விழாவுக்கு முன் குளத்து நீரை வடித்துச் சேறு அகற்றிக் கிணறுகளைத் தூய்மை செய்தல் இன்றியமையாததாகின்றது. திருவிழா என்ற பெயரால் ஒரு நீர்நிலைக்குப் பன்னீராண்டுக்கு ஒருமுறை மராமத்து உறுதியாயிற்று. திருக்கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்யும் கால எல்லையும் பன்னீராண்டே என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க. இதனைப் பின்னர் எடுத்துக்கொள்வோம்.

காப்பதற்கு ஆளும் பொருளும்

உத்தரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. குடவோலை முறையைக் கூறும் கல்வெட்டுகள் என்று பள்ளிச் சிறுவரும் அறிவர். அவ்வோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் எப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதைப் பலர் கருதுவதில்லை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்த 30 பேருள், 12 பேர் ஆட்டை வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். எஞ்சிய 6 பேர் ஏரி வாரியம். ஊராட்சியின் முப்பதின்மருள் பதினெண்மர் தோட்டத்தையும் ஏரியையும் பேணவே அமைந்தனர் என்பது எண்ணுதற்குரியது. மேலும், ஆட்டை வாரியத்திற்குரியோரைத் தேரும்போது, முன்னரே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தோர்க்கு முதலிடம் தரப்பட்டது. நீரையும் மரத்தையும் காக்கக் கற்றவனே ஊரைக் காக்கத் தக்கவன் என்பது அம்முறையின் உட்கிடை.

ஆளை அமைத்தவர்கள் பொருளையும் அமைத்தனர். ஏரியைப் பேணுதற்கு விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. திருக்கோயிற் பூந்தோட்டத்தைப் பேணுவோர்க்கு விடப்பட்ட நிலம் திருநந்தவனப்புறம் எனக் கல்வெட்டுகளிற் குறிக்கப்படுகின்றது. மரம் நட்டவனைப் புகழ்ந்து விட்டுவிடாமல், அதற்கு நாளும் நீர் ஊற்றுபவனுக்கு உணவு எங்கிருந்து வரும் என்பதையும் எண்ணி அறம் செய்தவர்கள் நம் முன்னோர். நந்தாவிளக்குக்கு ஆடுகளை விட்டு, அவற்றின் நெய்யால் விளக்கு என்றும் எரிய வழி செய்த அதே அறிவு, குளத்திற்கும் தோட்டத்திற்கும் நிலம் விட்டது.

தலமரம் கூறும் செய்தி

காஞ்சியில் மா, திருவானைக்காவில் வெண்ணாவல், மதுரையிற் கடம்பு, திருநெல்வேலியில் மூங்கில், திருவொற்றியூரில் மகிழ், திருமயிலையிற் புன்னை, திருவாலங்காட்டில் ஆல். இவை தலமரங்கள். ஒவ்வொரு தலத்திலும் இறைவன் ஒரு மரத்தின் நீழலில் வெளிப்பட்டான் என்று புராணம் பேசும். அடியவர்க்கு அது திருவருட் செய்தி. அதனோடு கூட, அவ்வூர் எழுவதற்கு முன் அந்நிலத்தில் இயல்பாய் வளர்ந்திருந்த மரம் எது என்னும் நிலநூற் செய்தியும் அதில் அடங்கியுள்ளது என்று கொள்ளலாம்.

தில்லையை எடுத்துக்கொள்வோம். தில்லை மரம் உப்பங்கழியோரச் சதுப்பில் வளரும் இயல்பினது. இந்நாளில் அதனைக் காண விரும்புவோர் சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலை அடுத்த பிச்சாவரம் காட்டிற்குச் செல்லுதல் வேண்டும். நகரின் பெயரிலும் திருமுறையிலும் நிலைபெற்ற மரம் நகரத்து மண்ணிலிருந்து அகன்றது. எனினும் அப்பெயர் இருத்தலால் நிலத்தின் பழைய இயல்பை நாம் உணர்கின்றோம். திருமயிலைக்குரிய புன்னை கடற்காற்றைத் தாங்கி நிற்பது. கடற்கரை ஊர்களிற் காற்றுத் தடையாக வளர்த்தற்கு உரியது. 12-12-2016 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. விரைவில் வளரும் என்று கருதித் தெருக்களில் நடப்பெற்ற அயல்நாட்டு மரங்கள் அவற்றுட் பல. எம்மண்ணுக்கு எம்மரம் என்னும் வினாவுக்கு விடை, நம் தலபுராணங்களில் ஊர்தோறும் எழுதி வைக்கப்பட்டுள்ளது.

மரத்தோடு மலரும் சேர்த்து எண்ணத்தக்கது. திருப்புகலூரில் வைகறையில் எழுந்து மலர் பறித்து மாலை தொடுத்துச் சாத்திய தொண்டினாலேயே முருக நாயனார் அறுபத்துமூவருள் ஒருவராயினார். அடியேன் திருமடத்திற் பயின்ற நாளில், சித்தாந்த நூல்களைப் பாடங் கேட்டற்கு முன் நந்தவனத்திற்கு நீர் இறைத்தலும் ஒரு பாடமாகவே இருந்தது. மலர் இல்லாத ஊரில் அருச்சனைக்கு மலர் விலைக்கு வரும். நிழல் மட்டும் விலைக்கு வாராது.

அறுந்துபோன தொடர்

இத்துணைச் சிறந்த அமைப்பு தளர்ந்தது எவ்வாறு? சென்னை மாநகரின் வரலாறு அதனை விளங்கக் காட்டும். 1872-இல் செங்குன்றம் ஏரியின் நீரை நகருக்குக் கொணரும் திட்டம் நிறைவெய்தியது. குழாய் நீர் வந்தது பெருநன்மையே. அதனைப் பழித்தல் ஆகாது. எனினும், நீர் தொலைவிலிருந்து வரத் தொடங்கியபின், அண்மையிலுள்ள குளமும் கிணறும் பயனற்றவை என்னும் எண்ணம் மெல்ல வேரூன்றியது. பயனற்றதாகக் கருதப்பட்ட குளம் முதலிற் குப்பைக்கு இடமாயிற்று; பின்னர் வீட்டுமனைக்கு இடமாயிற்று.

இக்காலத்திலேதான் பேட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் நம் நாட்டிற்கு வந்தார். 1854-இற் பிறந்த அவர் தாவர நூற் பேராசிரியர். பின்னர் நகர அமைப்பிற் கருத்தைச் செலுத்தியவர். சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்மேல் 1914-இல் அவர் புறப்பட்டார். நகரங்களைப் பற்றிய அவருடைய கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை ஜெர்மானியரின் எம்டன் கப்பல் கடலில் மூழ்கடித்தது. அவர் தளராமல் வேறு பொருள்களைத் திரட்டி 1915-இற் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மாகாணத்து ஊர்கள் பலவற்றையும் சென்று கண்டு அறிக்கைகள் எழுதினார். காஞ்சியின் நகர அமைப்பைக் கண்டு வியந்தார். 1919-இல் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் நம் கோயில் நகரங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே வரைந்தார்.

கொசுவையும் காய்ச்சலையும் காரணம் காட்டிக் குளங்களைத் தூர்த்தல் வேண்டும் என்பது அந்நாளைய அதிகாரிகள் பலர் கொள்கை. கெடிஸ் அதனை மறுத்தார். குளத்தைத் தூய்மை செய்து, கொசுப் புழுவை உண்ணும் மீன்களை விடுதல் போதும் என்றார். குழாய் நீர் எந்நாளேனும் தடைப்படக்கூடும் ஆதலின் பழங்கிணறுகளைக் காத்தல் வேண்டும் என்றும் எழுதினார். நெருக்கமான பழந்தெருக்களை இடித்துத் தள்ளி அகல வீதி போடுதலை அவர் விரும்பவில்லை. இன்றியமையாத இடத்தில் மட்டும் சிறிது அகற்றி, ஊரின் உயிரைப் போக்காமல் நோயைப் போக்கும் மருத்துவன்போல் செய்தல் வேண்டும் என்பது அவர் நெறி. நம் சமயத்தாரல்லாத ஒருவர், நம் மொழி அறியாத ஒருவர், நம் தேர்வீதியையும் திருக்குளத்தையும் கண்டு அவற்றின் அறிவை உணர்ந்தார்.

அவர் சொல் எங்கும் ஏற்கப்பட்டதாகச் சொல்லுதற்கில்லை. சென்னையின் மேற்கெல்லையில் மயிலாப்பூர், நுங்கம்பாக்கம் ஏரிகள் சேர்ந்த நீண்ட நீர்ப்பரப்பு ஒன்று இருந்தது. 1920-களில் அது தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. மக்கட்குக் குடியிருக்க இடம் வேண்டியிருந்தது உண்மை. அந்நகரை அமைத்தோர் பூங்காக்களும் அகன்ற தெருக்களும் விட்டதும் உண்மை. ஆயினும் ஏரி ஏரிதானே? மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இன்றும் உள்ளது. அத்தெருவில் நின்று நோக்குவார்க்குக் காண ஏரி இல்லை. பெயர் மட்டும் உள்ளது.

இதன் விளைவை அண்மை ஆண்டுகள் காட்டின. 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர்த் திங்கள்களில் பெருமழை பெய்து சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் மிகுந்தன. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், நகருக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்ப்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் கொணரப்பட்டது. மிகுதியால் மூழ்கிய நகரமே குறைவால் வாடியது. மழையின் அளவு ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுதல் இயற்கை. மிகுந்த ஆண்டின் நீரைக் குறைந்த ஆண்டிற்கு வைத்துக்காக்கும் கலமே ஏரியும் குளமும் நிலத்தடி ஊற்றும். கலத்தை உடைத்தவன் மழையை நோவதாற் பயன் யாது? 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீரைச் சேமித்தல் வேண்டும் எனத் தமிழக அரசு சட்டம் வகுத்தது போற்றத்தக்கது. பேணப்பட்ட இடங்களில் அது பயன் தந்தது. பேணுவாரின்றேல் எந்தத் தொட்டியும் மண் மூடிப்போகும்.

குளம் தோண்டுதலும் திருப்பணியே

இராசகோபுரமும் விமானமும் புதுக்குதல் திருப்பணி. குளத்தில் தூர் அள்ளுதல் நகராட்சியின் வேலை என்று எண்ணும் அன்பர்கள் உளர். அவர்கள் தண்டியடிகள் வரலாற்றை ஒருமுறை நினைத்தல் வேண்டும். 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்தில் அவ்வரலாறு விரிவாக உள்ளது.

தண்டியடிகள் திருவாரூரிற் பிறந்தவர். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். கோயிலின் மேற்கே உள்ள திருக்குளம் பிறர் இருப்பிடங்கள் நெருங்கியமையால் இடம் குறைந்து தூர்ந்தது என அறிந்தார். குளத்தினுள் ஒரு தறியும் கரைமேல் ஒரு தறியும் நட்டார். இடையே கயிறு கட்டினார். மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்பி, கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டி, மீண்டும் தடவிக்கொண்டே இறங்கினார். தடுத்தோரும் நகைத்தோரும் உளர். அந்நாளைய சமயப் பூசலை இந்நாளில் நாம் வளர்த்தல் வேண்டா. அத்தொண்டின் உறுதியையே கொள்ளுதல் வேண்டும். முடிவில் அக்குளத்தில் மூழ்கி எழுந்தபோது அவர் கண் பெற்றார் என்பது வரலாறு.

அறுபத்துமூவருள் ஒருவராக அவரைத் திருக்கோயில்தோறும் வைத்து வணங்குகின்றோம். அவர் கோபுரம் எடுத்தவர் அல்லர். பொன் வேய்ந்தவர் அல்லர். ஆக்கிரமிக்கப்பட்ட குளத்தை மீட்டு, கூடை கூடையாகத் தூர் அள்ளியவர். கண் இல்லாத ஒருவர் காண வல்லதாயிருந்த குறையைக் கண்ணுடைய ஊரார் காணவில்லை என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் உருகுகின்றது. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தலும் குளமும் அமைத்ததும் இவ்வகைத் தொண்டே.

நீழல் யாவர்க்கும் உரியது

முன்னோர் பெருமை பேசும்போது அவர்தம் காலத்துக் குறையை மறைத்தல் நேர்மை ஆகாது. குளமும் வீதியும் அழகுற அமைந்த அதே ஊர்களில், அக்குளத்தில் இறங்கவும் அவ்வீதியில் நடக்கவும் சில வகுப்பினர்க்கு நெடுங்காலம் தடை இருந்தது. 1939-ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்தது. அக்கதவு திறந்தபின்னரே நம் கோயில் நகரங்கள் தம் பெயருக்கு முழுதும் தகுதி பெறலாயின. இந்நாளிலும் மரமும் பூங்காவும் செல்வர் வாழும் பகுதியில் மிகுந்தும், வெயிலில் உழைப்போர் வாழும் பகுதியிற் குறைந்தும் இருப்பின், அதனைப் பசுமை நகரம் என்றல் பொருந்தாது. நிழல் மிக வேண்டுவது நிழலின்றி உழைப்பவனுக்கே.

அன்பர்கள் செய்யத்தக்கது

பன்னீராண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடத்துகின்றோம். சுதை வேலை, வண்ணம் தீட்டல், கலசம் புதுக்கல், மருந்து சாத்தல் என்று திருப்பணிப் பட்டியல் நீள்கின்றது. அப்பட்டியலில் திருக்குளமும் வரத்துக்காலும் நந்தவனமும் தலமரமும் தவறாது இடம்பெறுதல் வேண்டும் என்பதே அடியேனின் விண்ணப்பம். மகாமகக் குளத்திற்கு விழா உறுதி செய்த மராமத்தை, ஏனைய குளங்களுக்குக் குடமுழுக்கு உறுதி செய்யலாம்.

இதனை முறையறிந்து செய்தல் வேண்டும். குளத்தின் அடியில் சிமெண்டுத் தளம் இட்டால் நீர் தங்கும், நிலத்துள் ஊறாது; அவ்வாறே, அடியிலுள்ள களிமண் படுகையை அறியாது மிக ஆழமாக வெட்டினால் நீர் தங்காமல் மறையும். படிந்த சேற்றை மட்டும் அகற்றிப் பழைய படுகையைக் காத்தலே நெறி. நீர் வரும் கால் எங்கே அடைபட்டுள்ளது என்பதை முதலிற் கண்டு அதனைத் திறத்தல் வேண்டும். கழிவுநீர் அதிற் கலவாமல் தடுத்தல் வேண்டும். கால்வாய் அடைபட்டிருக்கக் குளத்தின் படிகளுக்கு வண்ணம் பூசுதல், பசித்த பிள்ளைக்குப் பட்டாடை உடுத்துதல் போலும். வெளித் திருச்சுற்று முழுவதும் கல் பாவி மூடாமல், மரங்களுக்கும் மழைக்கும் மண்ணை விட்டு வைத்தல் வேண்டும். தலமரத்தின் அடியைச் சுற்றிக் காரைத் திண்ணை நெருக்கிக் கட்டி அதன் வேரை மூச்சடைக்கச் செய்தல் கூடாது. மாட வீதிகளில் நம் மண்ணுக்குரிய புன்னையும் மகிழும் வேம்பும் புங்கும் நிற்கட்டும்.

இவற்றோடு, அறக்கட்டளை வைக்கும் அன்பர்கள் ஒன்றைக் கருதுதல் வேண்டும். மரக்கன்று நடுதற்கு வரும் கூட்டம் மறுநாள் அதற்கு நீர் ஊற்ற வருவதில்லை. ஆதலின், நடுதற்குக் கொடுப்பதினும் பேணுதற்குக் கொடுப்பதே சிறந்தது. நந்தவனத்து ஊழியர் ஒருவரின் ஊதியத்திற்கும், ஆண்டுதோறும் மழைக்கு முன் வரத்துக்காலைத் துப்புரவு செய்தற்கும் நிலையான வைப்புநிதி அமைத்தல், பண்டைய நந்தவனப்புறத்திற்கும் ஏரிப்பட்டிக்கும் ஒப்பான அறமாகும். அதனை நிறுவியோர் பெயரைக் குளக்கரையிற் கல்லில் வெட்டி வைத்தலும் தகும்; கோபுர வாயிலில் வெட்டிய பெயருக்கு அது சிறிதும் தாழ்ந்தது அன்று.

ஊர் வளர்ந்துவிட்டது, ஐந்து வேலிக் குளத்திற்கு இனி எங்கே செல்வது என்பார் உளர். புதிய குளம் எங்கும் தோண்ட இயலாது என்பது உண்மையே. உள்ள குளத்தை இழவாமல் இருத்தல் நம் கையில் உள்ளது. ஊரெங்கும் நிலம் விலைபோன பின்னும் விலைபோகாமல் எஞ்சி நிற்கும் பரந்த வெளி, கோயிலும் அதன் குளமும் நந்தவனமுமே. முன்னோர் அவற்றை இறைவன் பெயரால் எழுதி வைத்தமையால் அன்றோ அவை இன்றளவும் பிழைத்தன? அவற்றைக் காத்துக் கொடுத்தல் நம் தலைமுறையின் கடன்.

கும்பநீர் கலசத்தின்மேற் சொரியப்படும் அந்நல்ல வேளையில், அது நம் ஊர்த் திருக்குளத்து நீராகவே இருக்கும் பேறு அடுத்த பன்னீராண்டில் வாய்ப்பதாக. மழை பொழிக, குளங்கள் நிறைக, தலமரங்கள் தழைக்க, நீழலில் யாவரும் இனிது அமர்க. எல்லாம் வல்ல சிவபரம்பொருளின் திருவருள் முன்னின்று காக்க.

திருச்சிற்றம்பலம்.